கடைக் கம்ப்யூட்டர் "அப்டேட்" கேட்டால் தள்ளிப் போடலாமா?

பில் போடுவதற்கு ஒரு கம்ப்யூட்டர் இல்லாத கடை இன்று நமது கடைத் தெருக்களில் அபூர்வமாகிவிட்டது. ஒரு காலத்தில் சிட்டையிலும் நாள்வழியிலும் பேரேட்டிலும் எழுதி வந்த கணக்கு முழுவதும் இன்று ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. சரக்கு இருப்பு, கொள்முதல், வெளிப்பாக்கி, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. இரவில் கல்லாவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற நாம், கல்லாவில் உள்ள பணத்தை விடப் பெரிய சொத்தான அந்தக் கணக்கு பூட்டியிருக்கிறதா, திறந்து கிடக்கிறதா என்று பார்ப்பதில்லை.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நமக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு.

நமக்கு நெருங்கிய வணிகர் ஒருவர் பருப்பு, மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்பவர். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலையில் கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டார். திரையில் வழக்கமாக வரும் படம் வரவில்லை. "உங்கள் பைல்கள் அனைத்தும் பூட்டப்பட்டுவிட்டன, திறக்க வேண்டுமானால் பணம் கட்டுங்கள்" என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு நின்றது. நூற்றுக்கு மேற்பட்ட சில்லறைக் கடைகளின் பற்று வரவு அதற்குள் மாட்டிக் கொண்டது. கணக்கை நகல் எடுத்து வைத்த பென் டிரைவ் ஒன்று மேசை அறையில் இருந்தது. எடுத்துப் பார்த்தால், அதில் இருந்த கணக்கு ஆடி மாதத்தோடு நின்றிருந்தது.

நாம் அவர் கடைக்குப் போனபோது, அவரும் கணக்குப்பிள்ளையும் தரையில் உட்கார்ந்து லாரி ரசீதுகளையும் டெலிவரிச் சீட்டுகளையும் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டிருந்தார்கள். சில்லறைக் கடைக்காரர்கள் பலர் தாங்களாகவே நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, என் பேரில் இவ்வளவு நிற்கிறது, எழுதிக் கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வணிகத்தில் நாணயம் இன்னும் செத்துவிடவில்லை என்பதை அன்று கண்ணால் பார்த்தோம். வராதவர்களும் சிலர் உண்டு. கணக்கு ஒருவாறு நேராவதற்குள் பொங்கல் வந்துவிட்டது. வராத பாக்கி வராமலே போயிற்று.

விசாரித்ததில் விவரம் தெரிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில், கடை நிறையக் கூட்டம் நிற்கும்போது, அந்தக் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து அப்டேட் ஏற்றத் தொடங்கியிருக்கிறது. அரை மணி நேரம் பில் போட முடியவில்லை. கோபத்தில், "இனிமேல் இந்த அப்டேட்டே வரக்கூடாது" என்று சர்வீஸுக்கு வந்தவரிடம் சொல்லி நிறுத்தி வைத்துவிட்டார். நிறுத்தியது ஒரு நிமிட வேலை. மறுபடியும் திறந்து வைக்க வேண்டும் என்பது ஒருவருக்கும் நினைவில் இல்லை. அதில் இருந்த விண்டோஸ் 7-க்கு அப்டேட் வருவதே 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது என்பதும் அவருக்குத் தெரியாது.

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம்மில் பலர் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஆகவே, அப்டேட் என்பது என்ன, அதைத் தள்ளிப் போட்டால் என்ன ஆகும், அப்டேட்டினாலேயே தொல்லை வந்தால் என்ன செய்வது என்பவற்றை நமக்குத் தெரிந்த வரையில் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

அப்டேட் என்றால் என்ன?

கம்ப்யூட்டரில் நாம் பில் போடும் சாஃப்ட்வேர் ஒன்று. அதற்கு அடியில் இருந்துகொண்டு கீபோர்டு, பிரிண்டர், நெட் இணைப்பு, பைல்கள் அனைத்தையும் நடத்தும் சாஃப்ட்வேர் மற்றொன்று. இந்த இரண்டாவதைத்தான் ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிறார்கள். நமது கடைகளில் பெரும்பாலும் இருப்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். பில் சாஃப்ட்வேர் கடைக்குள் இருக்கும் சரக்கு என்றால், விண்டோஸ்தான் கடைக் கட்டிடம். சுவரில் விரிசல் விட்டால் உள்ளே எவ்வளவு நல்ல சரக்கு இருந்தும் பயன் இல்லை.

இந்த விண்டோஸ் கோடிக்கணக்கான வரிகள் கொண்டது. அவ்வளவு வரிகளில் எங்கோ ஒரு பிழை இருந்துகொண்டுதான் இருக்கும். சில பிழைகளால் பிரிண்டர் நிற்கும், அவ்வளவோடு போயிற்று. வேறு சில பிழைகள் வெளியாள் உள்ளே நுழையும் சந்தாக அமைந்துவிடும். அப்படிப்பட்ட சந்துகள் கண்டுபிடிக்கப்படும்போது, அவற்றை அடைப்பதற்கான திருத்தத்தை நிறுவனம் அனுப்புகிறது. பாதுகாப்பு அப்டேட் என்பது இதுதான்.

2003 அக்டோபர் முதல் மைக்ரோசாப்ட் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அதுவரை சேர்ந்த திருத்தங்களை மொத்தமாக வெளியிடுகிறார்கள். அமெரிக்காவில் அது காலை நேரம். நமக்குச் செவ்வாய் இரவு. ஆகவே, மறுநாள் புதன்கிழமை நாம் கடை திறக்கும்போது அப்டேட் வந்து காத்திருக்கும். அவசரமான சந்து என்றால் நடுவிலும் ஒன்று வரும்.

இதைத் தவிர, ஆண்டுக்கு ஒரு முறை புது வசதிகளோடு பெரிய அப்டேட் ஒன்று வருகிறது. அது கொஞ்சம் பொறுத்து வந்தாலும் குற்றம் இல்லை. மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட் அப்படியல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நினைவில் வைத்துக் கொள்ளுதல் நலம்.

திருடனும் படிக்கும் அறிவிப்பு

"இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே, இன்னும் இரண்டு மாதம் கழித்துப் பார்த்துக் கொள்வோம்" என்று நாம் நினைக்கிறோம். பார்ப்பதற்கு நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

ஒரு பூட்டுக் கம்பெனி, "எங்கள் இன்ன மாடல் பூட்டில் ஒரு பழுது இருக்கிறது, அதை வளைந்த கம்பியால் திறந்துவிடலாம், எல்லோரும் வந்து இலவசமாக மாற்றிக் கொள்ளுங்கள்" என்று ஊரெல்லாம் தண்டோரா போடுகிறது என்று வைத்துக் கொள்வோம். பூட்டு வைத்திருப்பவர் காதில் விழும் அந்தச் செய்தி, திருடன் காதிலும் விழும். தண்டோரா போடுவதற்கு முன் அந்தப் பழுது யாரோ இரண்டொருவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். போட்ட பிறகு எல்லாத் திருடர்களுக்கும் தெரியும். மறுநாள் முதல், பூட்டை மாற்றாத கடை எது என்று தேடுவதுதான் அவர்கள் வேலை.

அப்டேட்டும் அப்படித்தான். திருத்தம் வெளிவந்த உடனே, பழைய பைலையும் புதிய பைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த இடத்தில் மாற்றம் செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் உலகில் பலர் இருக்கிறார்கள். மாற்றம் செய்த இடம்தான் சந்து இருந்த இடம். அதை வைத்து, அப்டேட் ஏற்றாத கம்ப்யூட்டர்களைத் தாக்கும் கருவியைத் தயார் செய்துவிடுகிறார்கள். ஆக, அப்டேட் வந்த நாளில் இருந்து, அதை ஏற்றாத கம்ப்யூட்டரின் அபாயம் நாளுக்கு நாள் ஏறுகிறது. நேற்று வரை ஒன்றும் ஆகவில்லை என்பது நாளைக்குச் சாட்சி ஆகாது.

நடந்ததைச் சொல்கிறோம். 2003 ஜூலை 16 அன்று மைக்ரோசாப்ட் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. ஆகஸ்ட் 11 அன்று அதே சந்தின் வழியாக "பிளாஸ்டர்" என்னும் வைரஸ் உலகெங்கும் பரவியது. இடையில் இருந்தது 26 நாள். ஒரு நிமிடத்தில் அணையப் போவதாக எண்ணிக்கை காட்டி, கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அணைந்தது பழைய ஆட்கள் சிலருக்கு நினைவிருக்கலாம்.

அதை விடப் பெரியது 2017-இல் நடந்தது. அந்த ஆண்டு மார்ச் 14 அன்று ஒரு திருத்தம் வந்தது. ஒரே இணைப்பில் உள்ள கம்ப்யூட்டர்கள் பைல்களைப் பகிர்ந்து கொள்ளும் பகுதியில் இருந்த பழுதை அது அடைத்தது. அடுத்த மாதம், அந்தப் பழுதைப் பயன்படுத்தி உள்ளே நுழையும் கருவி ஒன்று வெளியே கசிந்தது. அது அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.விடம் இருந்து களவு போனது என்று மைக்ரோசாப்ட் தலைவரே பின்னர் எழுதினார். மே 12 அன்று "வான்னாக்ரை" என்னும் வைரஸ் அதே கருவியைக் கொண்டு கிளம்பியது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தால் அடுத்ததைத் தானே தேடிப் போகும். பைல்களைப் பூட்டிவிட்டு, 300 டாலர் பிட்காயினாகக் கட்டு என்று கேட்கும். சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களை அது பிடித்தது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நம் பக்கத்து மாநிலமான ஆந்திராவில் காவல் துறைக் கம்ப்யூட்டர்கள் சிலவும் பாதிக்கப்பட்டன.

திருத்தம் வந்ததற்கும் தாக்குதலுக்கும் இடையே 59 நாள் இருந்தது. அந்த 59 நாளில் ஒரு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்கி அப்டேட் ஏற்றியிருந்த கம்ப்யூட்டரில் அந்தச் சந்து வழியாக வைரஸ் நுழைய முடியவில்லை. ஏற்றாதவர்கள்தான் மாட்டினார்கள். சரக்கு வாங்கியதற்கு இரண்டு மாதத் தவணை கிடைத்தும் கட்டாமல் இருந்துவிட்டு, கெடு முடிந்த அன்று கையைப் பிசைவது போன்றதுதான் இது.

இதில் நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. பில் கவுன்டரில் ஒன்று, குடோனில் ஒன்று, முதலாளி அறையில் ஒன்று என்று கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று இணைத்து வைத்திருக்கிறோம். முன்னால் இருப்பதைப் புதிதாக வாங்கிவிட்டு, குடோனில் பழையதை அப்படியே ஓட்டுகிறோம். முன் வாசலுக்கு இரும்புக் கதவும் பின் வாசலுக்குத் தட்டியும் போட்டால், வருகிறவன் எந்தப் பக்கம் வருவான் என்று சொல்ல வேண்டியதில்லை.

காலாவதியான விண்டோஸ்

நாம் விற்கும் பொருளுக்குக் காலாவதித் தேதி இருப்பதைப் போல, விண்டோஸுக்கும் உண்டு. அந்தத் தேதிக்குப் பிறகு கம்ப்யூட்டர் நின்றுவிடாது. வழக்கம்போல் ஓடும், பில் அடிக்கும். ஆனால் சந்துகளை அடைக்கும் திருத்தம் வராது. அதனால்தான் பலருக்கும் இது தெரிவதே இல்லை.

விண்டோஸ் எக்ஸ்.பி. 2014 ஏப்ரல் 8-இலும், விண்டோஸ் 7 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 8.1 2023 ஜனவரி 10-இலும் காலாவதி ஆயின. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இந்தக் கடைசித் தேதி நமது கடைகளில் பலருக்கும் பொருந்தும்.

விண்டோஸ் 10-உம் 11-உம் ஒரே குடும்பம். இரண்டுக்கும் பொதுவான பகுதிகள் ஏராளம். மாதா மாதம் 11-க்குத் திருத்தம் வரும்போது, முன்பு சொன்ன தண்டோரா 10-க்கும் சேர்த்தே போடப்படுகிறது. பூட்டை மாற்றிக் கொள்ளும் வழிதான் 10-க்கு இல்லாமல் போகிறது.

இதற்கு என்ன வழி?

முதல் வழி, விண்டோஸ் 11-க்கு மாறுவது. தகுதியுள்ள கம்ப்யூட்டரில் அசல் விண்டோஸ் 10 இருந்தால் இதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, ஏறத்தாழ 2018-க்குப் பின் வந்த பிராசஸர் ஆகியவை வேண்டும். "இவை இல்லாவிட்டாலும் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம்" என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி ஏற்றிய கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி அளிக்கவில்லை. எதற்காக மாறுகிறோமோ அதுவே கிடைக்காது என்றால் மாறி என்ன பயன்?

இரண்டாவது வழி, விண்டோஸ் 10-க்கே நீட்டிப்புப் பெறுவது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் தரும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. நிறுவனங்களுக்கான திட்டம் மூன்று ஆண்டு வரைக்கும். முதல் ஆண்டு ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், பின் ஆண்டுதோறும் இரட்டிப்பு. இது வாய்தா வாங்குவது போன்றதே. வாய்தா முடிவதற்குள் மாற்று ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

மூன்றாவது வழி, புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் வரை பழையதை நெட்டில் இருந்து பிரித்து வைப்பது. வெறும் பில் மட்டும் போடும் கம்ப்யூட்டருக்கு இது ஓரளவு சரிப்படும். ஆனால் ஜி.எஸ்.டி. தாக்கலும் பாங்க் வேலையும் அதில் செய்யக் கூடாது. அதில் செருகும் பென் டிரைவும் வேறெங்கும் போய் வரக் கூடாது.

லினக்ஸ் என்னும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டமும் உண்டு. சென்னையில் உள்ள மத்திய அரசின் சி-டாக் மையம் உருவாக்கிய "பாஸ்" அந்த வகையைச் சேர்ந்தது. அதற்கும் அப்டேட் ஏற்றியே ஆக வேண்டும். நாம் வைத்திருக்கும் பில் சாஃப்ட்வேர் அதில் ஓடுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அந்தப் பக்கம் போக வேண்டும்.

திருட்டு விண்டோஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்கள் சிலவற்றில், காசு கொடுக்காத விண்டோஸை ஏற்றி, மாட்டிக் கொள்ளாமல் இருக்க அப்டேட்டையும் நிறுத்தித் தந்துவிடுகிறார்கள். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று நாம் நினைக்கிறோம். கடைச் சாவிக்கு இன்னொரு நகல் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத கடையை வாங்குவதற்கு அது சமம்.

அப்டேட்டே வினையானால்?

"அப்டேட் போட்டதால்தான் எங்கள் கம்ப்யூட்டர் கெட்டது" என்று சொல்பவர்களும் நம்மில் உண்டு. அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதை மறைப்பது முறையாகாது.

2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் சாஃப்ட்வேருக்கு அனுப்பிய ஒரு அப்டேட்டில் பிழை இருந்தது. உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பாதுகாக்க வந்த அப்டேட்டே பெரும் முடக்கத்தை உண்டாக்கியது.

இன்னொரு சம்பவம் கணக்கு எழுதுகிற நாம் தனியே கவனிக்க வேண்டியது. 2017 ஜூன் 27 அன்று, உக்ரைன் நாட்டில் வரிக் கணக்குத் தாக்கல் செய்யப் பெரும்பாலான நிறுவனங்கள் வைத்திருந்த "எம்.இ.டாக்" என்னும் கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாகவே "நாட்பெட்யா" என்னும் வைரஸ் இறங்கியது. அந்த சாஃப்ட்வேர் நிறுவனத்தின் சர்வருக்குள் புகுந்து, அப்டேட்டோடு வைரஸைக் கலந்துவிட்டார்கள். உள்ளே இறங்கிய பின், வான்னாக்ரை பயன்படுத்திய அதே பழைய சந்தின் வழியாகவும், திருடிய பாஸ்வேர்டுகளின் வழியாகவும் மற்றக் கம்ப்யூட்டர்களுக்குத் தாவியது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் கம்பெனி பெரிதும் மாட்டியது. மும்பை அருகே நவசேவா துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் முடங்கி, கன்டெய்னர்கள் தேங்கி நின்றன. 45,000 கம்ப்யூட்டர்களிலும் 4,000 சர்வர்களிலும் எல்லாவற்றையும் பத்து நாளில் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது என்று அந்த நிறுவனத்தின் தலைவர் பின்னர் சொன்னார்.

அந்த நிறுவனம் மீண்டதில் ஒரு விசேஷம் உண்டு. அதன் இணைப்பு முழுவதையும் நிர்வகிக்கும் முக்கியமான சர்வர்கள் எல்லா நாட்டிலும் அழிந்துவிட்டன. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும், தாக்குதல் நேரத்தில் கரன்ட் இல்லாததால் இணைப்பு அறுந்து நின்ற ஒரு சர்வர் தப்பியது. அதில் இருந்த நகலை வைத்துத்தான் மற்றதை எல்லாம் எழுப்பினார்கள். கரன்ட் போனதற்கு நன்றி சொன்ன கம்பெனி உலகில் அது ஒன்றாகத்தான் இருக்கும்!

இந்த இரண்டு சம்பவங்களும் சொல்வது ஒன்றே. அப்டேட் அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. இணைப்பில் இல்லாத, தனியாக எடுத்து வைத்த ஒரு நகல் எப்போதும் நம் கையில் இருக்க வேண்டும். அந்த நகல் இருந்தால், அப்டேட் சொதப்பினாலும் ஒரு நாள் வியாபாரத்தோடு போகும். இல்லாவிட்டால், பல ஆண்டுக் கணக்கு போய்விடும்.

நகல் எடுத்தல் சட்டக் கடமையும் ஆகும்

கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருப்பவர்கள் அதற்கு முறையான நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதிகளில் 57-ஆவது விதி கூறுகிறது. விபத்தாலோ இயற்கைக் காரணத்தாலோ கணக்கு அழிந்தாலும், நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி அந்த நகல் இருக்க வேண்டும். சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கெடுத் தேதியில் இருந்து 72 மாதம் வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். 2023-24-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக் கொண்டால், அதன் தாக்கல் கெடு 2024 டிசம்பர் 31. ஆகவே 2030 டிசம்பர் 31 வரை அது நம்மிடம் இருந்தாக வேண்டும். அதிகாரி கேட்கும்போது "வைரஸ் வந்து போய்விட்டது" என்று சொல்லிக் கைவிரிக்கும் நிலைக்கு நாம் ஆளாகலாகாது.

நகல் எடுக்கும் முறை எளிது. இரண்டு பென் டிரைவோ, வெளி ஹார்ட் டிஸ்க்கோ வாங்குங்கள். இன்று ஒன்றில், நாளை மற்றொன்றில் என்று மாற்றி மாற்றி, கடை அடைக்கும் முன் நகல் எடுங்கள். எடுத்தவுடன் கழற்றிவிடுங்கள். செருகியபடியே விட்டு வைத்த பென் டிரைவையும் வைரஸ் சேர்த்தே பூட்டிவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஒன்று கடையில் இருந்தால் மற்றொன்று வீட்டில் இருக்கட்டும். கடையில் தீ பிடித்தாலும் தண்ணீர் புகுந்தாலும் வீட்டில் இருப்பது தப்பும். மாதம் ஒரு முறை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காமல் வாங்கிய கட்டு நோட்டு மாதிரி.

கடையில் கடைப்பிடிக்க வேண்டியவை

நமது உறுப்பினர்கள் கீழ்க்கண்டவற்றைத் தவறாமல் செய்து வருமாறு கேட்டுக் கொள்கிறோம்.

1. உங்கள் கம்ப்யூட்டரில் எந்த விண்டோஸ் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். "செட்டிங்ஸ்", "சிஸ்டம்", "அபௌட்" என்று வரிசையாகச் சென்றால் தெரியும். குடோன் கம்ப்யூட்டரையும் விட்டுவிட வேண்டாம்.

2. "விண்டோஸ் அப்டேட்" பகுதியில் "ஆக்டிவ் அவர்ஸ்" என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. காலை 6 முதல் இரவு 11 வரை என்று கடை நேரத்தை அதில் குறித்துவிட்டால், அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து மீண்டும் தொடங்காது. 18 மணி நேரம் வரை குறிக்கலாம். கூட்ட நேரத்தில் அணைகிறது என்பதற்காக அப்டேட்டையே நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை.

3. மாதத்தின் இரண்டாவது செவ்வாயை அடுத்து வரும் கடை விடுமுறை நாளையோ, இரவையோ அப்டேட்டுக்கு என்று ஒதுக்குங்கள். முதலில் நகல் எடுங்கள். பிறகு அப்டேட் ஏற்றுங்கள். அதன் பின் ஒரு பில் போட்டு, பிரிண்டரும் தராசு இணைப்பும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

4. தீபாவளி, பொங்கல் போன்ற நெருக்கடி நாட்களில் அப்டேட்டைச் சில நாள் தள்ளி வைக்க விண்டோஸிலேயே வசதி உண்டு. ஐந்து வாரம் வரை தள்ளலாம். அதில் முடிவுத் தேதி இருப்பதால், மறந்தாலும் அதுவே திரும்பத் தொடங்கும். நிரந்தரமாக நிறுத்துவது மட்டும் கூடாது.

5. அப்டேட் ஏறும்போது கரன்ட் போகக் கூடாது. யு.பி.எஸ். பாட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்த பின் தொடங்குங்கள். நடுவில் சுவிட்சை அணைக்க வேண்டாம்.

6. நெட்டில் ஏதோ பார்த்துக் கொண்டிருக்கும்போது "உங்கள் விண்டோஸ் பழையது, இங்கே அழுத்துங்கள்" என்று குதித்து வரும் அறிவிப்பு அப்டேட் ஆகாது. "மைக்ரோசாப்டில் இருந்து பேசுகிறோம்" என்று வரும் போனும் அப்படித்தான். அப்டேட்டை "செட்டிங்ஸ்" வழியாக மட்டும் ஏற்றுங்கள். பில் சாஃப்ட்வேரின் அப்டேட்டை அதை விற்றவரிடம் இருந்து மட்டும் பெறுங்கள்.

7. தூரத்தில் இருந்தபடியே சர்வீஸ் செய்வதற்காக நம் கம்ப்யூட்டரைத் திறந்து விடும் சாஃப்ட்வேர்கள் உண்டு. வேலை முடிந்ததும் அந்த இணைப்பை மூடிவிடச் சொல்லுங்கள். சர்வீஸ் செய்பவர் நல்லவராகவே இருக்கலாம். திறந்து கிடக்கும் வாசல் எல்லோருக்கும் வாசல்தான்.

8. ஆன்டி வைரஸ் இருக்கிறதே என்று அப்டேட்டை விட்டுவிட வேண்டாம். அது காவல்காரன், அப்டேட் சுவரை அடைக்கும் கொத்தனார். ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடியாது.

9. இத்தனைக்கும் பிறகு தாக்குதல் நேர்ந்தால், நெட் ஒயரை உடனே கழற்றுங்கள். மற்றக் கம்ப்யூட்டர்களையும் பிரித்து விடுங்கள். நகல் இருக்கும் பென் டிரைவை அவசரப்பட்டு அதில் செருகாதீர்கள். பணம் கட்டினால் கணக்கு திரும்பும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நாட்பெட்யாவில் பணம் கட்டினாலும் மீட்க வழியே இல்லாதிருந்தது. பணம் பறிபோயிருந்தால் 1930 என்னும் எண்ணுக்குத் தாமதமின்றிப் போன் செய்து புகார் கொடுங்கள்.

முடிவாக

தராசையும் படிக்கல்லையும் குறித்த காலத்தில் முத்திரை போடக் கொண்டு போகிறோம். அன்று அரை நாள் வியாபாரம் கெடுகிறதே என்று யாரும் விட்டுவிடுவதில்லை. அது தொழிலோடு சேர்ந்த வேலை என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். மாதம் ஒரு மணி நேர அப்டேட்டும் அந்த வரிசையில் சேர வேண்டியதே.

நாம் முன்பு குறிப்பிட்ட வணிகர் இப்போது புதுக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். இரவு கல்லாவைப் பூட்டுவதற்கு முன், சட்டைப் பையில் இருந்து பென் டிரைவை எடுத்து நகல் எடுக்கிறார். எடுத்து முடித்ததும் கழற்றிப் பையில் போட்டுக் கொள்கிறார். அப்டேட் வந்தால் அன்றிரவே ஏற்றுகிறார். "ஆடி மாதக் கணக்கை ஐப்பசியில் எழுதியவன் நான், இனி ஒரு நாள் கணக்கையும் விட மாட்டேன்" என்று அவர் நம்மிடம் சொன்னார். அவர் மூன்று மாதம் பட்ட பாட்டை நமது உறுப்பினர் வேறு யாரும் படாதிருக்க வேண்டும் என்பதே இதை எழுதியதன் நோக்கம். இதழை மூடி வைத்துவிட்டு, உங்கள் கடைக் கம்ப்யூட்டர் எத்தனை மாதமாக அப்டேட் கேட்டுக் கொண்டிருக்கிறது என்று இன்றே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.